ஒரு முத்து குறைந்த புல்லாக்கு

— அங்கேயே நில்லுங்க டாக்டரம்மா. நிழல் வேணும்னா அந்தப் படகோட நிழல்ல நின்னுக்கோங்க. ஏலக் கொட்டகைக்குள்ள வர இந்த எர்ரய்யா இன்னும் சொல்லலை.

— இருபத்தோரு வருஷமா உங்க ஊருக்கு வெளியில நின்னாச்சு பெரியவரே. இன்னும் கொஞ்சம் நின்னா கால் தேஞ்சுடாது.

— யாரைக் கேட்டு நீலிரேவுக்குள்ள வந்தீங்க?

— உங்களைக் கேக்கத்தான் வந்தேன். யார் வீட்டு வாசலையும் மிதிக்கலை. ஜீப்பை ரோட்டு மேலயே விட்டுட்டு, நேரா கடலைப் பார்த்து நடந்து வந்தேன்.

— போன தடவை ஜீப் கண்ணாடி உடைஞ்சுதே, அந்தப் பயமா?

— கண்ணாடி அரசாங்கத்தோடது. எனக்கு அதுல என்ன பயம்?

— உடைச்சது நான் இல்ல.

— தெரியும். உடைக்கச் சொன்னது நீங்க.

— சொன்னேன். எங்க வீட்ல செஞ்சதைச் செய்யலைன்னு சொல்ற வழக்கம் கிடையாது. அந்தப் பைக்குள்ள என்ன?

— ஒரு டார்ச். கையளவு கண்ணாடி ரெண்டு. தண்ணி பாட்டில்.

— பேரு எழுதற நோட்டு?

— இல்ல.

— கேமரா?

— இல்ல.

— போன்ல இருக்குமே.

— இருக்கு. இந்தாங்க, நீங்களே வெச்சுக்கோங்க. போகும்போது குடுங்க போதும்.

— அந்த மரப்பெட்டி மேல வெச்சுட்டுத் தள்ளி நில்லுங்க. ஆங். மரியாதையாத்தான் சொல்றேன். போன வருஷம் ரெண்டு பேர் வந்தாங்க, உங்களை மாதிரியே வெள்ளைச் சட்டை. ஆரோக்கியக் கணக்குன்னாங்க. எத்தனை வீடு, எத்தனை படகு, எத்தனை கிழவன்னு எழுதிக்கிட்டாங்க. எங்க பொம்பளைங்க மோர் குடுத்து உபசரிச்சாங்க. ஆறு மாசம் கழிச்சு, துறைமுகத்துக்கு இந்தக் கரை வேணும்னு நோட்டீஸ் ஒட்டிட்டான். அதுலேர்ந்து எங்களை யாராவது எண்ண வந்தா நான் அவங்களை எண்ணுவேன்.

— சரி, இருக்கட்டும். எண்ணுங்க. நான் ஒரே ஆள்தான்.

— ஒரே ஆள் என்ன பண்ண முடியும்னு எனக்குத் தெரியாதா. சொல்லுங்க, என்ன வேணும்?

— நீலிரேவுப் பொம்பளைங்க வாயைப் பார்க்க அனுமதி வேணும்.

— கிடையாது. வெயில் ஏறுது, போயிட்டு வாங்க.

— ஏன்னு சொல்லிட்டு அனுப்புங்க.

— நான் ஒண்ணு கேக்கறேன், அதுக்கு நீங்க முதல்ல சொல்லுங்க. ஒரு டாக்டர் பட்டணத்துல வாசல்ல போர்டு மாட்டினா, வரிசையில நின்னு காசு குடுத்துட்டுப் போவான். நீங்க குண்டூர்ப் பக்கத்து நெல்லு வீட்டுப் பொண்ணு, பேச்சிலயே தெரியுது. எதுக்கு முப்பது வருஷமா எங்க கருவாட்டு நாத்தத்துல அலையறீங்க? உங்களுக்கு இதுல என்ன கிடைக்குது?

— எங்கப்பாவும் இதைத்தான் கேட்டார். பதில் பிடிக்காம ஒரு வருஷம் என்கூடப் பேசலை.

— நானும் உங்கப்பா மாதிரிதான்னு வெச்சுக்கோங்க. சொல்லுங்க.

— படிச்சு முடிச்ச புதுசுல ஒரு பெரிய ஆஸ்பத்திரியில இருந்தேன். வாயில புத்துநோய் வந்து ரெண்டு விதமான ஆளுங்க வருவாங்க. பட்டணத்து ஆளுங்க பட்டாணி அளவு புண்ணோட வருவாங்க. வெட்டி எடுத்துட்டு ஒரு வாரத்துல வீட்டுக்கு அனுப்பிடுவோம். இந்தக் கரைப் பொம்பளைங்க முந்தானையால வாயை மூடிக்கிட்டு வருவாங்க. முந்தானையை எடுத்தா மேல் அண்ணத்துல ஓட்டை. குடிச்ச கஞ்சி மூக்கு வழியா வரும். அவங்களை எங்கயும் அனுப்ப முடியாது. ஒரே நோய், ஒரே ஆஸ்பத்திரி, ஒரே டாக்டர். வார்டுல நான் உக்காந்திருக்கற வரைக்கும் இவங்க இப்படித்தான் வந்துட்டு இருப்பாங்கன்னு புரிஞ்சுது. எழுந்து வந்தேன்.

— எங்க பொம்பளைங்க இன்னைக்கு நேத்தா நெருப்பை உள்ள வெச்சுச் சுருட்டுப் பிடிக்கறாங்க? ரெண்டு கையும் மீன்ல இருக்கும். காத்து வேற. நெருப்பை வெளிய வெச்சா ரெண்டு இழுப்புல அணைஞ்சிடும். வாய்க்குள்ள திருப்பி வெச்சா ஒரு சுருட்டு உச்சி வெயில் வரைக்கும் வரும்.

— அண்ணம் வெந்து போகும்.

— பொம்பளைங்க சமாச்சாரம் எனக்குத் தெரியாது. ஆம்பளைங்க நாங்க நெருப்பை வெளிய வெச்சுத்தான் பிடிக்கறோம். எவனாவது உள்ள திருப்பினான்னு தெரிஞ்சா, மறுநாளே அவன் வீட்டு வாசல்ல ஒரு சேலையை மடிச்சு வெச்சிடுவாங்க. அப்பறம் அவன் ஏலத்துல வாயைத் திறக்க முடியாது. ஏன் என் முகத்தையே பார்க்கறீங்க?

— உங்க மீசையைப் பார்த்தேன். இருபத்தோரு வருஷத்துக்கு முன்ன கறுப்பா இருந்தது.

— அது இருக்கும்போது மத்ததைப் பார்க்க வேண்டாம். பாரதீப்லேர்ந்து பீமிலி வரைக்கும் படகுக்காரனுக்கு என் மூஞ்சி தெரியாது, மீசை தெரியும். கடலுக்குள்ள தூரத்துல பார்த்தே ஒதுங்குவான். இப்ப உங்களுக்குப் பெரிய பதவியாமே?

— மாவட்டத்துக்குப் புற்றுநோய்த் தடுப்பு வேலை என் பொறுப்புல இருக்கு. இந்த மாசக் கடைசி வரைக்கும். அப்பறம் ரிடையர்.

— டில்லியில சால்வை போத்தினாங்களே. மீன் பொட்டலம் கட்டின பேப்பர்ல பார்த்தேன். எங்கம்மா வாயைக் காட்டி வாங்கின சால்வை.

— அந்தப் படத்தை நான் டில்லியில காட்டலை. எங்கயுமே காட்டலை. அந்தப் போர்டைக் கழட்டினதோட சரி.

— கழட்டினது நீங்க இல்ல, நான். என் கையால. சந்தை பஸ் ஸ்டாப்புல, ஆளுயரத்துக்கு. மேல ஏதோ எழுத்து, கீழ ஏதோ எழுத்து, நடுவுல ஒரு வாய். கண்ணு இல்ல, நெத்தி இல்ல, பேரு இல்ல. புத்திசாலித்தனமா வெட்டி எடுத்துட்டதா நினைச்சீங்க. ஆனா மேல் உதட்டு மேல புல்லாக்கு தொங்குது. மூணு முத்துல நடு முத்து விழுந்துபோன புல்லாக்கு. இந்தக் கரையில அதைத் தெரியாத பொம்பளை உண்டா? கங்கம்மா திருவிழாவுக்குத் திருவிழா எங்கம்மா சிட்டெம்மா அதைப் போட்டுக்கிட்டு முதல் குடம் தூக்கிட்டு வருவா. மீன் கூடை இறக்கி வெச்சவங்க எல்லாம் நின்னு பார்த்தாங்க. ஐயோ, நீலிரேவு சிட்டெம்மா வாயான்னு. முகம் தேவையில்ல, அந்தப் புல்லாக்கே பேரைச் சொல்லிடுச்சு.

— அது எனக்கும் தெரியும் பெரியவரே.

— என்ன தெரியும்? அந்த வாரம் கொர்லம்மாவுக்கு நிச்சயம். என் கடைசித் தங்கச்சி. மாப்பிள்ளை வீட்டார் அதே பஸ் ஸ்டாப்புல வந்து இறங்கினாங்க. போர்டைப் பார்த்தாங்க. வீடு வரைக்கும் கூட வரலை. எதிர்ல நின்ன டீக்கடைக்காரன்கிட்ட, இந்த வியாதி ரத்தத்துல வருமான்னு கேட்டுட்டு, அதே பஸ்ல ஏறித் திரும்பிட்டாங்க. பந்தல் போட்டது போட்டபடி நிக்குது. நூறு பேருக்கு இறால் குழம்பு கொதிக்குது. நான் துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு வாசல்ல நின்னுட்டிருக்கேன். அப்பறம் அவளை ரெண்டாந்தாரமா பாரதீப்ல குடுத்தோம். மூணு புள்ளைங்களோட இருந்தவனுக்கு.

— கொர்லம்மாவுக்கு நடந்தது என்னாலதான். அதை யோசிக்காதது என் தப்பு. அன்னைக்கும் அதைத்தான் சொன்னேன்.

— நான் புகார் குடுத்து நடந்த விசாரணையில வேற ஒண்ணும் சொன்னீங்க. பெரியம்மா சம்மதிச்சாங்கன்னு. ஒரு காகிதத்தை நீட்டினீங்க, அதுல கைநாட்டு. எழுதப் படிக்கத் தெரியாதவ கட்டைவிரலை எந்தக் காகிதத்துலயும் உருட்டலாம். அதுதான் சம்மதமா?

— இல்ல. அது மட்டும் சம்மதம் இல்ல.

— இப்பவாவது ஒத்துக்கறீங்களே. எப்படி மடக்கினீங்கன்னும் எனக்குத் தெரியும். நகைப் பொட்டிச் சாவி என் இடுப்புல இருக்கும். அன்னைக்கு வந்து, பக்கத்து ஊர் கொத்தரேவுல கல்யாணம், புல்லாக்கு வேணும்டா எர்ரய்யான்னு கேட்டா. எடுத்துக் குடுத்தேன். கல்யாணத்துக்குக் கிளம்பிப் போனவளை வழியில பிடிச்சு உக்கார வெச்சிருக்கீங்க. அலங்காரத்தோட ஒரு கரைக்காரி கிடைச்சா, படத்துக்கு எடுப்பா இருக்கும்ல?

— மாமா, அம்பலி கொண்டு வந்திருக்கேன். ஆறிப் போச்சு, நீங்க சொன்ன மாதிரி. அம்மா, நீங்களா? ரோட்டுல ஜீப் நிக்குதுன்னு புள்ளைங்க சொல்லுச்சு. நிக்க வெச்சுட்டீங்களே மாமா, வெயில்ல.

— தேமுடம்மா, வெச்சுட்டு வீட்டுக்குப் போ.

— அவங்களுக்கும் ஒரு லோட்டா ஊத்தறேன். அம்மா, வந்து உக்காருங்க. கேழ்வரகுக் கூழ்தான். பச்சமிளகாயும் சுட்ட கருவாடும் இருக்கு.

— பெரியவர் சொன்னாதான் உள்ள வருவேன் தேமுடம்மா.

— உள்ள வந்து தொலையட்டும். மருமக முன்னால ஒரு பொம்பளையை வெயில்ல நிக்க வெச்சவன்னு பேர் வேண்டாம். உக்காருங்க. கூடையை நகர்த்திட்டு உக்காருங்க.

— நல்லாயிருக்கு அம்பலி. பெரியவரே, மிளகாய் எடுத்துக்கலையா?

— அவர் காரமே தொடறதில்லம்மா. மழைக்காலத்துலேர்ந்து இப்படித்தான். சூடாவும் வேண்டாம், உப்பும் உறைக்கக் கூடாது. குழம்புல மிளகாய் போட்டேன்னு தட்டைத் தள்ளி விட்டுட்டார் ஒரு நாள். முன்னெல்லாம் மிளகாயைக் கடிச்சுக்கிட்டுத்தான் ஏலமே கூறுவார்.

— தேமுடம்மா.

— இல்ல மாமா, சும்மா சொன்னேன்.

— வீட்டு அடுப்புல வேகறதை வெளியில பரிமாற வேண்டாம். வயித்துப் புண்ணு. வயசானா வர்றதுதான். டாக்டரம்மா, மறுபடியும் என் முகத்தைப் பார்க்கறீங்க.

— உங்க மீசை.

— மீசை இல்ல. மீசைக்குக் கீழ பார்க்கறீங்க.

— என் தொழில் அது. யார் எதிர்ல உக்காந்தாலும் கண்ணு வாய்க்குத்தான் போகும். ஏலம் இப்ப யார் கூறறாங்க?

— என் மகன்.

— நீங்க?

— தொண்டை கட்டிக்கிச்சு. எதுக்கு இந்தக் கேள்வியெல்லாம்? யார் சொல்லி அனுப்பினாங்க உங்களை? தேமுடம்மா, கொத்தரேவுல இவங்க போட்ட முகாமுக்குப் போனியா நீ?

— போனேன் மாமா.

— யாரைக் கேட்டுப் போனே?

— உங்களைக் கேட்டா விடமாட்டீங்க. அதனால யாரையும் கேக்கலை. என் வாயைத்தான் காட்டினேன். மெலிசா வெள்ளை படர ஆரம்பிச்சிருக்கு, சுருட்டை விட்டா மறைஞ்சிடும்னாங்க. விட்டுட்டேன், நாலு மாசமாச்சு. உங்க பேச்சை எடுக்கவே இல்ல மாமா. கங்கம்மா மேல ஆணை.

— அவ உங்களைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலை பெரியவரே. நான் வந்தது பொம்பளைங்களுக்காக. அங்க இப்ப படமெல்லாம் கிடையாது. அந்தந்த ஊர்ல ரெண்டு பொம்பளைங்களுக்கு டார்ச்சும் கண்ணாடியும் குடுத்துச் சொல்லித் தரோம். அவங்களே ஒருத்தர் வாயை ஒருத்தர் பார்த்துக்கறாங்க, மீன் காயப் போடற நேரத்துல. வெள்ளையாவோ சிவப்பாவோ தெரிஞ்சா எனக்குத் தகவல் வரும். இந்தக் கரையில எல்லா ஊரும் திறந்தாச்சு. மிச்சம் நீலிரேவு மட்டும்தான். இங்க தேமுடம்மாவுக்குச் சொல்லித் தரலாம்னு நினைச்சேன்.

— என் வீட்டு மருமக அடுத்தவ வாய்க்குள்ள எட்டிப் பார்க்கணுமா?

— பார்க்காததால இந்த இருபத்தோரு வருஷத்துல உங்க ஊர்லேர்ந்து பதினோரு பேர், ஓட்டை விழுந்தப்பறம் என்கிட்ட வந்திருக்காங்க. யாரையும் காப்பாத்த முடியலை.

— பதிமூணு.

— என்ன?

— பதிமூணு பேர். ரெண்டு பேர் உங்ககிட்ட வரவே இல்ல. எனக்குக் கணக்கு வெச்சுக்கத் தெரியாதுன்னு நினைக்காதீங்க. ஊர்ப் பெரியவன் நான், ஒவ்வொரு பாடைக்கும் முன்னால நடந்தவன். தெரிஞ்சுதான் இருக்கு. ஆனா உங்களை எப்படி உள்ள விடுவேன்? எங்கம்மாவை நடுச்சந்தையில வாயைப் பொளந்து நிக்க வெச்ச கை இது. இதே கையை எங்க பொம்பளைங்க வாயில விட, நான் எப்படிச் சரின்னு சொல்வேன்?

— அப்ப ஒண்ணு சொல்லணும். சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன்.

— கதை எதுவும் வேண்டாம்.

— கேட்டுட்டு நம்பாம இருங்க, அது உங்க இஷ்டம். உங்கம்மாவை நான் வழியில பிடிக்கலை. அதுக்கு ரெண்டு வாரம் முன்னயே அவங்க என்கிட்ட வந்துட்டாங்க, நான் முகாம் போட்டிருந்த ரோட்டோரப் பள்ளிக்கூடத்துக்கு. வாயைப் பார்த்தேன். அண்ணம் பாதி போயிருந்தது. மறைக்காம சொன்னேன். எவ்வளவு நாள்னு கேட்டாங்க. அடுத்த கங்கம்மா திருவிழா பார்க்க மாட்டீங்கன்னு சொன்னேன். அழலை. என் மேஜை மேல வேற ஏதோ ஊர்க்காரி வாய்ப் படம் ஒண்ணு கிடந்தது, நாங்க போர்டுக்குன்னு வரவழைச்சது. அதை எடுத்துப் பார்த்தாங்க.

— பார்த்து?

— இது யாருன்னு கேட்டாங்க. தெரியாது பெரியம்மா, வெளியூர்னு சொன்னேன். சிரிச்சாங்க. இதை மாட்டினா எங்க ஆளுங்க ஒருத்தியும் சுருட்டைக் கீழ போட மாட்டா, யாரோ எவளோ, அவ வாய் அழுகிப் போச்சுன்னு பேசிக்கிட்டே இன்னொண்ணு பத்த வெப்பாளுங்கன்னாங்க. என் வாயை எடு, எடுக்கற அன்னைக்குச் சொல்லி அனுப்புன்னாங்க.

— பொய். எங்கம்மா அப்படிப்பட்டவ இல்ல. மூணு ஊர்க்காரன் எழுந்து நிப்பான் அவ நடந்து வந்தா.

— அதனாலதான் அவங்க வாய் வேணும்னாங்க. சொல்லி அனுப்பினேன். மழை கொட்டுது, கரையில ஒரு படகும் இறங்கலை. நனைஞ்சுக்கிட்டு வந்தாங்க, பட்டுச் சேலை, அந்தப் புல்லாக்கு. எனக்கே புரியலை. தங்கத்துல வெளிச்சம் பட்டுச் சிதறுது, வாய் சரியா விழாது, கழட்டிடுங்க பெரியம்மான்னேன். முடியாதுன்னுட்டாங்க. சரி, மறைச்சாவது எடுப்போம்னு என் விரலைப் புல்லாக்கு மேல வெச்சேன். என் கையைத் தட்டி விட்டாங்க. விரலை எடு பொண்ணே, புல்லாக்கு தெரியட்டும்னாங்க.

— கல்யாணத்துக்குப் போற வழியில எதையோ சொல்லி மயக்கி—

— ஆஷாட மாசம் பெரியவரே. பள்ளிக்கூடம் திறந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. தேதி அந்தக் கைநாட்டுக் காகிதத்துலயே இருக்கு. விசாரணை அன்னைக்கு உங்க கையில குடுத்தாங்களே.

— நான் கைநாட்டைத்தான் பார்த்தேன்.

— தேதியைப் பார்க்கலை.

— ஆஷாடமா?

— ஆஷாடம்.

— மாமா, ஆஷாடத்துல நம்ம சனத்துல யாரும்—

— தெரியும் தேமுடம்மா. எனக்குத் தெரியாதா. யாரும் கல்யாணம் வைக்க மாட்டாங்க. புல்லாக்கை எடுத்துக் குடுத்தவன் நான்தான். மழையில எங்க கிளம்பறேன்னு கூடக் கேட்டேன். எந்த வீட்டுக் கல்யாணம்னு கேக்கலை.

— நானும் ஒண்ணு கேக்கலை. வீட்ல கல்யாண வயசுல பொண்ணு இருக்கான்னு. அவங்களும் அதை நினைக்கலை. கொர்லம்மா சேதி தெரிஞ்சதும் ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டாங்க, அதே பள்ளிக்கூடத்துக்கு. அன்னைக்குத்தான் அழுதாங்க.

— ஏன் என்கிட்ட சொல்லலை? அவதான் சொல்லலை, நீங்க ஏன் சொல்லலை? விசாரணையில உங்களை நிக்க வெச்சு நாக்கைப் பிடுங்கற மாதிரி கேட்டேன். ரெண்டு வருஷம் உங்களை எங்கயோ மலைப் பக்கம் தூக்கி அடிச்சாங்க. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்.

— சத்தியம் வாங்கிட்டாங்க. நானாப் போய்ப் படம் எடுத்துக்கிட்டேன்னு தெரிஞ்சா எர்ரய்யா எனக்குக் கொள்ளி வைக்க மாட்டான், அவன் ரோஷம் எனக்குத் தெரியும், கோபம் உன்மேலயே இருக்கட்டும், ஆறினப்பறம் சொல்லிக்கோன்னாங்க. ஆறட்டும்னுதான் பார்த்துட்டிருந்தேன். இருபத்தோரு வருஷமா ஆறலை. அதுக்குள்ள பதிமூணு பேர் போயாச்சு. சத்தியத்தை எப்பவோ உடைச்சிருக்கணும். இப்ப அதுதான் என்னைத் தூங்க விடறதில்ல.

— கொள்ளி வெச்சிருப்பேன்.

— சரி.

— வெச்சிருப்பேன். எங்கம்மா அவ. இல்ல, வெச்சிருக்க மாட்டேன். கொர்லம்மாவோட அந்தப் பந்தல் நின்ன வாரத்துல கேட்டிருந்தா, நிச்சயமா வெச்சிருக்க மாட்டேன். என்னைத் தெரிஞ்சுதான் வெச்சிருக்கா அந்தப் பொம்பளை. தேமுடம்மா, நீ எழுந்து கரைப் பக்கம் போய் நில்லு. யாராவது வந்தா இருமு.

— மாமா, எனக்கும் தெரியும்.

— என்ன தெரியும்?

— படகுக்கு அந்தப் பக்கம் போய் உக்கார்றீங்க, கடலைப் பார்த்துக்கிட்டு. சுருட்டு வாசனை வரும், ஆனா நெருப்புத் தெரியாது. ஆறு வருஷமா பார்க்கறேன். உங்க மகன்கிட்டகூடச் சொன்னதில்ல.

— சேலை வாங்கி வெச்சிருக்கலாமே வாசல்ல.

— அத்தை பொட்டியில நிறைய சேலை இருக்கு, எதுக்குப் புதுசு வாங்கணும் மாமா.

— பாருங்க டாக்டரம்மா, இதோட வாயை. சரி, இரு, போக வேண்டாம். எங்கம்மா போனப்பறம் அவ தகர டப்பாவுல பாதிக் கட்டு சுருட்டு மிச்சம் இருந்தது. தூக்கிப் போட மனசு வரலை. படகுல தனியா இருந்தப்ப ஒண்ணு எடுத்தேன். வாயையே குடுக்கற அளவுக்கு இதுல அப்படி என்ன இருக்குன்னு, அவ பிடிச்ச மாதிரியே நெருப்பை உள்ள திருப்பிப் பிடிச்சுப் பார்த்தேன். கட்டு தீர்ந்ததும் விட்டிருக்கணும். விடலை. மழைக்காலத்துலேர்ந்து அண்ணத்துல எரிச்சல். நாக்கால தடவினா சொரசொரன்னு இருக்கு. உங்களை உள்ள விட்டா முதல்ல யார் வாயைப் பார்ப்பீங்கன்னு எனக்குத் தெரியும். அதுக்கும் சேர்த்துத்தான் வெளியில நிக்க வெச்சேன்.

— வெளிச்சத்தைப் பார்த்து உக்காருங்க. தேமுடம்மா, இந்த டார்ச்சைப் பிடி. இப்படி இல்ல, கொஞ்சம் கீழேர்ந்து. பெரியவரே, நல்லாத் திறங்க. இன்னும். நாக்கை விடுங்க. தேமுடம்மா, பார்த்தியா? வெள்ளை, நடுவுல சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளி. இடது ஓரத்துல பாரு, அங்க மட்டும் தடிப்பு. அதுதான் நாம தேட வேண்டியது. மூடிக்கோங்க.

— ஓட்டை?

— இல்ல. ஓட்டை இல்ல. அந்தத் தடிப்புலேர்ந்து துளி சதை எடுத்துப் பரிசோதிச்சுப் பார்க்கணும், இந்த வாரமே. அதுக்கு முன்னால எதுவும் உறுதியாச் சொல்ல மாட்டேன். ஆனா நீங்க வந்தது பட்டாணி அளவுல பெரியவரே. சுருட்டை இன்னைக்கே விடணும்.

— பட்டணத்து ஆளு மாதிரி வந்திருக்கேன்னு சொல்லுங்க.

— ஆமா. உங்க பேர் எங்கயும் வராது. கொத்தரேவுக்குக் கூட வர வேண்டாம், வண்டி அனுப்பறேன், யாருக்கும் தெரியாம கூட்டிட்டுப் போய்க் கொண்டு வந்து விடறேன். உங்க வீட்டு மானத்துக்கு என்னால இன்னொரு தடவை குறை வராது.

— தேமுடம்மா, நாளைக்கு மீன் காயப் போடற இடத்துல நான் ஒரு வார்த்தை சொன்னா, பொம்பளைங்க வாயைத் திறந்து காட்டுவாங்களா?

— மாட்டாங்க மாமா. காட்டக் கூடாதுன்னு இத்தனை வருஷம் நீங்கதானே சொன்னீங்க. ஒரே நாள்ல மாத்திச் சொன்னா, மாமாவைத் துறைமுகக்காரன் வாங்கிட்டான்னு நினைப்பாங்க.

— அதைத்தான் நானும் நினைச்சேன். சொன்னாப் பத்தாது. டாக்டரம்மா, அந்தப் பெட்டி மேல உங்க போன் இருக்கு, எடுங்க.

— எதுக்கு?

— என் வாயைப் படம் எடுங்க. சந்தை பஸ் ஸ்டாப்புல அந்தப் போர்டு நட்ட கம்பி இன்னும் நிக்குது.

— வேண்டாம் பெரியவரே. படம் போடற வேலையை நான் விட்டு ரொம்ப நாளாச்சு. நெருப்பை உள்ள வெச்சுப் பிடிச்சவர்னு ஊர் முழுக்கத் தெரிஞ்சு போகும். வாசல்ல சேலை வைப்பாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க. ஒரு ராத்திரி யோசிங்க. நாளைக்கும் இதையே சொன்னாப் பார்க்கலாம்.

— நாளைக்கும் இதைத்தான் சொல்வேன். எடுத்து வெச்சுக்கோங்க, நாளைக்குக் கேட்டுட்டு மாட்டுங்க. சேலை வெச்சா மருமக கட்டிக்கட்டும். எங்கம்மா மழையில நனைஞ்சுக்கிட்டு நடந்து வந்தா, நான் உக்காந்த இடத்துலயே இருக்கேன். எடுங்க.

— சரி, இருக்கட்டும். திறங்க. உதட்டை இந்த விரலால மேல தூக்கிப் பிடிச்சுக்கறேன், வாய் மட்டும் விழும், யாருக்கும் அடையாளம்—

— விரலை எடுங்க டாக்டரம்மா. மீசை தெரியட்டும்.